‘க்வைட் குட்’ என்று பதில் வந்தால் சந்தோஷப்படலாமா? ப்ரிட்டி, ஃபேர்லி, கைண்ட் ஆஃப் குழப்பம்

நண்டுக்கணக்கு (மண்டபம்)

எல்லாருக்கும் வணக்கம். நண்டை அவித்துச் சதையெடுத்து டப்பாவில் அடைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பெயர் வேண்டாம். கணக்கும் மெயிலும் என் பொறுப்பு. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். ஆங்கிலத்தில் எழுதிப் புரியவைத்துவிடுவேன் என்றுதான் போன மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் புதிதாக ஒரு வாடிக்கையாளர். மாதிரி டப்பாக்கள் அனுப்பினோம். பதில் இரண்டே வரி: ‘தி சாம்பிள்ஸ் வேர் க்வைட் குட். தி டெக்ஸ்சர் வாஸ் எ பிட் சாஃப்ட்.’ நான் ஓடிப்போய் முதலாளியிடம், “ரொம்ப நல்லா இருக்காம் சார், சதை கொஞ்சம் மெதுமெதுன்னு இருக்காம்” என்றேன். மெதுமெது என்றால் நல்லதுதானே? அன்றைக்கு நண்டு உடைக்கும் அக்காமார் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வந்தது.

மூன்றாவது வாரம் ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டது. காரணம் கேட்டு எழுதினால், “நாங்கள்தான் முதலிலேயே சொல்லிவிட்டோமே” என்று அதே இரண்டு வரியைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

இதில் எனக்குப் பிடிபடாதது என்னவென்றால், அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் போன வருஷம் இதே ‘க்வைட் குட்’ எழுதினார். அவர் அடுத்த மாதமே கூடுதலாகக் கேட்டார். ஒரே சொல், ஒரே நண்டு. ஒருவர் வாங்குகிறார், ஒருவர் ஓடுகிறார்.

க்வைட், ப்ரிட்டி, ஃபேர்லி, ராதர், கைண்ட் ஆஃப், எ பிட். அகராதியில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ‘ஓரளவு’ என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே போடுவது என்று யாராவது விளக்குங்களேன்.

சாக்பீஸ் (பாம்பன்)

தம்பி, ஐஸ்கிரீம் சாப்பிட்டது வரை லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தச் சொல்லில் நானும் வழுக்கியிருக்கிறேன்.

‘க்வைட்’ என்பதும் ‘க்விட்’ என்பதும் ஒரே வேர். பாக்கி எதுவும் இல்லாமல் தீர்ந்தது என்பது அடிப்பொருள். அதனால் ஆதியில் அதற்கு ‘முழுக்க’ என்றே அர்த்தம். அந்த அர்த்தம் இன்னும் சாகவில்லை. க்வைட் எம்ப்டி, க்வைட் இம்பாசிபிள், க்வைட் ரைட் என்றால் முழுக் காலி, முழுக்க முடியாதது, முழுக்கச் சரி. காலி டப்பாவில் கொஞ்சம் காலி, நிறையக் காலி என்று கிடையாது அல்லவா? அப்படிப்பட்ட சொல்லோடு சேர்ந்தால் சிக்கலே இல்லை.

குட், பிக், கோல்டு மாதிரி ஏறி இறங்க இடமுள்ள சொல்லோடு சேரும்போதுதான் வம்பு. பிரிட்டிஷ்காரர் பேச்சில் அது பெரும்பாலும் ‘ஓரளவு நன்றாக இருக்கிறது’ என்ற அளவில் நின்றுவிடும். அமெரிக்கர் பேச்சில் ‘ரொம்ப’வுக்குப் பக்கத்தில் போய் உட்காரும். உங்கள் இரண்டு வாடிக்கையாளர்களும் பொய் சொல்லவில்லை.

இதில் இன்னொன்று. பிரிட்டிஷ்காரர் நேரில் பேசினால் குரலை வைத்துப் பிடித்துவிடலாம். ‘க்வைட்’டை அழுத்திச் சொன்னால், நல்லதுதான், ஆனால்... என்று இழுக்கிறார். ‘குட்’டை அழுத்தினால் உண்மையிலேயே பிடித்திருக்கிறது. மெயிலில் அந்தக் குரல் வராது.

அதே க்வைட், ‘நாட் க்வைட் குக்ட்’ என்று வந்தால் இன்னும் முழுசாக வேகவில்லை. ‘க்வைட் எ ஃப்யூ’ என்று வந்தால் கொஞ்சம் இல்லை, நிறைய. முதலில் குழப்பத்தை முழுசாகப் பார்த்துவிடுவோம் என்று சேர்த்துச் சொன்னேன்.

நண்டுக்கணக்கு (மண்டபம்)

சார், ‘க்வைட் எ ஃப்யூ’ கேட்டதும் தலை சுற்றுகிறது. போன ஜனவரியில் ‘க்வைட் எ ஃப்யூ கம்ப்ளைன்ட்ஸ்’ என்று ஒரு மெயில் வந்தது. இரண்டு மூன்றுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

துபாய்க்_கீழக்கரை

அப்படியென்றால் ஜனவரியிலேயே கப்பல் கவிழ்ந்துவிட்டது தம்பி.

நான் பதினாலு வருஷமாகத் துபாயில் ஒரு சரக்கு ஆபீஸில் இருக்கிறேன். சுற்றிலும் எல்லா ஊர் ஆங்கிலமும் ஓடும். ‘ப்ரிட்டி’ பற்றி என் பங்கு.

ப்ரிட்டி என்றால் அழகு என்று மட்டும் படித்துவிட்டு வந்தவன் நான். சேர்ந்த புதிதில் மேனேஜர் ஒரு கன்டெய்னரைத் திறந்து பார்த்து ‘ப்ரிட்டி அக்ளி’ என்றார். அழகா, அசிங்கமா என்று விழித்துக்கொண்டு நின்றேன். உள்ளே தண்ணீர் புகுந்து அட்டைப்பெட்டி எல்லாம் ஊறிக் கிடந்தது.

அப்புறம் யோசித்தால் நம் ஊரிலும் இதே வேலைதான் நடக்கிறது. உம்மா என்ன சொல்வார்கள்? “புள்ளைக்கு நல்ல காய்ச்சல்.” காய்ச்சலில் என்ன நல்லது? “நல்ல அடி”, “நல்ல வெயில்”, “நல்ல கூட்டம்.” அந்த ‘நல்ல’தான் இந்த ‘ப்ரிட்டி’. நல்லது, அழகு என்கிற சொல்லை எடுத்து அளவு சொல்லப் பயன்படுத்துவது அவர்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ‘ஃபேர்லி’ எடுத்துக்கொண்டாலும் உள்ளே இருப்பது ‘ஃபேர்’, அதுவும் ஒரு காலத்தில் அழகுதான்.

ஆபீஸ் பேச்சில் ப்ரிட்டி ஒரு காசு கூடுதல், ஃபேர்லி ஒரு காசு குறைச்சல். ‘ஃபேர்லி பிஸி’ என்றால் வேலை இருக்கிறது, ஆனாலும் டீ குடிக்கப் போகலாம். ‘ப்ரிட்டி பிஸி’ என்றால் டீயை மேஜைக்கே கொண்டுவரச் சொல்ல வேண்டும். ‘ப்ரிட்டி மச்’ வேறு கதை, அது ‘கிட்டத்தட்ட’. ‘ப்ரிட்டி மச் டன்’ என்றால் வேலை முடிந்த மாதிரிதான், இன்னும் ஏதோ ஒரு கையெழுத்து பாக்கி.

என் கணக்கில் ‘ப்ரிட்டி குட்’ வெறும் ‘குட்’டை விட உசத்தி.

சாக்பீஸ் (பாம்பன்)

கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உற்சாகமாகச் சொன்னால் உசத்தி. ‘யா... ப்ரிட்டி குட்’ என்று தட்டையாகச் சொன்னால் வெறும் ‘குட்’டே மேல். நம் ‘பரவாயில்லையே!’வுக்கும் ‘பரவாயில்லை’க்கும் இருக்கிற தூரம். ஒரு ஏகாரம் மார்க்கையே மாற்றுகிறது.

துபாய்க்_கீழக்கரை

சார் சொன்னால் சரி. ஆனாலும் என் மேனேஜர் ‘ப்ரிட்டி குட்’ சொன்ன வருஷம்தான் சம்பளம் ஏறியது. அதை எப்படி விட்டுக்கொடுப்பேன்?

ஐயெல்ட்ஸ்_அவதி (தங்கச்சிமடம்)

நான் நர்ஸ். வெளிநாட்டுக்காக ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். என் பிரச்சினை கைண்ட் ஆஃப், சார்ட் ஆஃப். மாதிரிப் பேச்சுத் தேர்வை ரெக்கார்ட் செய்து கேட்டேன். இரண்டு நிமிஷத்தில் பதினொரு ‘கைண்ட் ஆஃப்’. ‘மை டவுன் இஸ் கைண்ட் ஆஃப் ஐலண்ட்’ என்றிருக்கிறேன். பாம்பன் தீவு கைண்ட் ஆஃப் தீவாம்! சுற்றிலும் கடல், உள்ளே வர 1914-ல் கட்டிய ரயில் பாலம் வேண்டியிருந்தது, இப்போது 2025-ல் புதுப் பாலமும் திறந்தாகிவிட்டது. இதில் ‘ஒரு மாதிரி’க்கு எங்கே இடம்?

வார்டில் இன்னொரு விதமாக இடிக்கிறது. ‘இட்ஸ் எ பிட் சோர்’ என்று வெளிநாட்டுப் பயணி ஒருவர் சொன்னார். நான் லேசான வலி என்று எழுதிவிட்டேன். டாக்டர் வந்து பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார். அவர் அசராமல் ‘எய்ட்’ என்கிறார். எட்டு! அதற்குப் பெயர் எ பிட்டா?

கைண்ட் ஆஃப், சார்ட் ஆஃப் இரண்டில் எது பேச்சுக்கு, எது எழுத்துக்கு?

குந்துகால்_கைடு

தங்கச்சி, நான் சுற்றுலா வருபவர்களைப் படகில் குருசடைத் தீவுக்குக் கூட்டிப்போகிறவன். ‘கைண்ட் ஆஃப்’ இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு என் தலையே சாட்சி.

ஆவுளியா பற்றி ஒரு அம்மா கேட்டார்கள். கடல்பசு என்று விளக்கிவிட்டு ‘இட் இஸ் எ கைண்ட் ஆஃப் ஃபிஷ்’ என்றேன். அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. உயிரியல் படித்தவராம். ‘எ கைண்ட் ஆஃப் ஃபிஷ்’ என்றால் மீன் வகைகளில் ஒன்று. ஆவுளியா குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணி. நான் சொல்ல வந்தது, பார்ப்பதற்கு ஏதோ மீன் மாதிரி இருக்கும் என்பது. அதற்கு ‘எ’ இடம் மாறி, ‘கைண்ட் ஆஃப் எ ஃபிஷ்’ என்று வர வேண்டுமாம். ஒற்றை எழுத்து முன்னே நின்றால் வகை, பின்னே போனால் சாயல். இப்போதெல்லாம் ‘நாட் எ ஃபிஷ்’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

சாக்பீஸ் (பாம்பன்)

குந்துகால் தம்பி சொன்னதில் ஒரு திருத்தமும் இல்லை.

அவதி, உங்களுக்கு: கைண்ட் ஆஃப், சார்ட் ஆஃப் இரண்டும் அர்த்தத்தில் ஒன்றுதான். முதலாவது அமெரிக்காவில் அதிகம் புழங்கும், இரண்டாவது பிரிட்டனில். இரண்டுமே பேச்சுக்கு. கட்டுரைத் தாளில் வேண்டாம். அங்கே ஃபேர்லி, சம்வாட், ரிலேட்டிவ்லி இருக்கின்றன. பேச்சுத் தேர்வில் ஒன்றிரண்டு வந்தால் இயல்பு, பதினொன்று வந்தால் தடுமாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் அவற்றை மட்டமாக நினைக்காதீர்கள். மற்றதால் முடியாத ஒன்றை அவை செய்யும். ‘ஐ கைண்ட் ஆஃப் லைக் இட்’ என்று வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்கும். ‘ஐ ப்ரிட்டி லைக் இட்’, ‘ஐ ஃபேர்லி லைக் இட்’ என்று சொல்லவே முடியாது. நம் ‘ஒரு மாதிரி’யும் இதற்குப் பக்கத்துச் சொந்தம்தான். “ஒரு மாதிரி பிடிச்சிருக்கு” என்கிறோம். ஆனால் “அவரு ஒரு மாதிரி” என்று நிறுத்தினால் அர்த்தம் எங்கேயோ போய்விடும். ஆங்கிலத்தில் அவ்வளவு விஷம் கிடையாது.

‘எ பிட்’ பற்றி நண்டுத் தம்பி கவனிக்க வேண்டும். பிட் என்றால் ஒரு கடி, ஒரு வாய் அளவு. கேட்டால் சின்னதாக இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் குறைகளோடுதான் சேரும். எ பிட் எக்ஸ்பென்சிவ், எ பிட் சால்ட்டி, எ பிட் லேட். ‘எ பிட் குட்’ என்று எவரும் சொல்வதில்லை. சாதாரணச் சொல்லைக்கூட அது குறையாக்கிவிடும். ‘சாஃப்ட்’ குறையா, நிறையா என்று அகராதியில் தேட வேண்டாம். முன்னால் எ பிட் வந்ததே, அது போதும். குறைதான்.

வல்லத்துக்காரன் (ஏர்வாடி)

இவ்வளவு நேரம் படித்தேன். வெள்ளைக்காரனுக்கு நண்டு பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? நல்லா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கழுத்தறுப்பது என்ன பழக்கம்?

என்று எழுதிவிட்டு அனுப்பப் போனேன். அப்போது எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது.

அவருடன் வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், போகும்போது ஆடி மாதக் கச்சான் காற்று. படகின் பின்பக்கம் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார். வானத்தைக்கூடப் பார்க்க மாட்டார். காது மடலில் காற்றுப் படுவதை வைத்து, “காத்து லேசாத் திரும்புதப்பா” என்பார். அவ்வளவுதான். நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு வலையை இழுக்க ஆரம்பித்துவிடுவோம். ஒருமுறை பரமக்குடிப் பக்கத்திலிருந்து புதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். “லேசாத்தானே அண்ணே” என்று தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தான். பத்து நிமிஷத்தில் சோறு, சட்டி, அவன் துண்டு எல்லாம் கடலில். ஆள் தப்பியது பெரியப்பா அவன் அரைஞாண் கயிற்றைப் பிடித்ததால்.

பெரியப்பா அகராதியில் ‘பலமா அடிக்குது’ என்ற சொல்லே கிடையாது. அவர் சொன்னதிலேயே பெரியது, “இன்னைக்கு வேணாம்.”

சொல்லுக்கு அளவு வேண்டுமென்றால் வானிலை அறிக்கையைப் பாருங்கள். அங்கே இந்த விளையாட்டு செல்லாது. கடல் ‘ஸ்லைட்’ என்றால் அலை 0.5 முதல் 1.25 மீட்டர். ‘மாடரேட்’ 2.5 வரை. ‘ரஃப்’ 2.5 முதல் 4. ‘வெரி ரஃப்’ 4 முதல் 6. ஒரு ‘வெரி’க்கு ஒரு ஆள் உயரம் கூடுகிறது. ஃபேர்லி, ஃபேர்லி என்கிறீர்களே, அவர்களிடம் அதற்கும் கணக்கு உண்டு. மழை ‘ஃபேர்லி வைட்ஸ்பிரட்’ என்றால் மழைமானி வைத்த இடங்களில் 51 முதல் 75 சதவீதம் நனைந்திருக்க வேண்டும்.

சாக்பீஸ் (பாம்பன்)

வல்லத்துக்காரரே, உங்கள் பெரியப்பாவை இங்கிலாந்துப் படையில் சேர்த்திருக்கலாம். கொரியப் போரில், 1951 ஏப்ரல், இம்ஜின் ஆற்றங்கரை. குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துவிட்டது. பிரிட்டிஷ் பிரிகேடியர் பிராடி, தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலவரம் சொல்லும்போது ‘எ பிட் ஸ்டிக்கி’ என்றாராம். பிரிட்டிஷ் காதுக்கு அது, ஆபத்து தலைக்கு மேல் போய்விட்டது. அமெரிக்கர், கொஞ்சம் கஷ்டம், சமாளிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். குளோஸ்டர்களில் தப்பி வந்தது மிகச் சிலர். பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள்.

இரண்டு பேருக்கும் தாய்மொழி ஆங்கிலம்தான். நண்டுத் தம்பி தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

மட்டுறுத்துநர்

விசைப்படகா, நாட்டுப்படகா என்று நடுவில் கிளம்பிய ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஆங்கிலம் மட்டும்.

நண்டுக்கணக்கு (மண்டபம்)

அந்த இங்கிலாந்துக்காரருக்கே இன்னொரு முறை மாதிரி அனுப்பலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சதை ஏன் குழைந்தது என்று பார்த்தோம். அன்றைக்கு வந்த நண்டில் ஓடு மாற்றியது கலந்திருந்தது. இந்த முறை ஓட்டைக் கையால் அழுத்திப் பார்த்துப் பிரித்தோம். மெயில் இப்படி எழுதியிருக்கிறேன், தமிழ் எழுத்திலேயே போடுகிறேன்:

‘டியர் சார், திஸ் டைம் தி மீட் இஸ் டூ குட். இட் இஸ் ப்ரிட்டி பெட்டர் தேன் லாஸ்ட் டைம் அண்ட் எ பிட் ஃபிர்ம். தி பாக்ஸ் இஸ் ராதர் கோல்டு.’

சரியா?

துபாய்க்_கீழக்கரை

அனுப்பிவிடாதே தம்பி! கையை எடு!

‘டூ குட்’ நம் ஊர்ப் பாராட்டு. அவனுக்கு ‘அளவுக்கு மீறி நல்லது’ என்று கேட்கும், சந்தேகப்படுவான். அதை எடுத்துவிட்டு ‘வெரி குட்’ போடு. நம் சரக்கை நாமே சொல்லும்போது அடக்கம் வேண்டியதில்லை.

சாக்பீஸ் (பாம்பன்)

‘ப்ரிட்டி பெட்டர்’ தப்பு. பெட்டர், பிக்கர் மாதிரி ஒப்பிடும் சொல்லுக்கு முன்னால் ப்ரிட்டி, ஃபேர்லி இரண்டும் நிற்காது. எ பிட் பெட்டர், மச் பெட்டர், ராதர் பெட்டர், இவை நிற்கும். உங்களுக்கு வேண்டியது மச். மேலே எ பிட் குறையோடு சேரும் என்றேன். ஒப்பிடும்போது அந்த விதி தளர்ந்துவிடும், எ பிட் பெட்டரில் குறை எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதிய ‘எ பிட் ஃபிர்ம்’ தனியாக நிற்கிறது. போன தடவை குழைந்தது, இந்தத் தடவை விறைத்தது என்று படிப்பான். ‘ஃபிர்மர்’ என்று மாற்றுங்கள், போதும்.

‘ராதர் கோல்டு’ என்றால் வேண்டியதை விடக் குளிர். ராதர் அப்படித்தான், நடுநிலைச் சொல்லோடு சேர்ந்தால் மூக்கைச் சுளிக்கும். ஃபேர்லி வார்ம் என்றால் இதமான வெதுவெதுப்பு, ராதர் வார்ம் என்றால் ஃபேனைப் போடு. இதிலும் விதிவிலக்கு: ராதர் குட் என்றால் எதிர்பார்த்ததை விட நன்றாக இருக்கிறதே என்ற ஆச்சரியம்.

பெட்டி எவ்வளவு குளிர் என்று சொல்லை வைத்து ஏன் சொல்ல வேண்டும்? தெர்மாமீட்டர் இருக்கிறதே. ‘2 டிகிரி’ என்று எழுதுங்கள். ஓடு மாற்றிய நண்டைப் பிரித்ததையும் ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஐயெல்ட்ஸ்_அவதி (தங்கச்சிமடம்)

அண்ணே, அந்தப் பயணி வலியை எட்டு என்ற மாதிரி உங்கள் வாடிக்கையாளரிடமும் பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒரு கட்டம் வைத்து அனுப்புங்களேன்.

நண்டுக்கணக்கு (மண்டபம்)

கட்டம் வைத்தே அனுப்பினேன் தங்கச்சி. இருபது நாள் ஆகிவிட்டது, இன்றைக்குத்தான் பதில். கட்டத்தில் எட்டு. கீழே ஒரு வரி: ‘நாட் பேட் அட் ஆல்.’ ஆர்டர் தாளும் இணைத்திருக்கிறார். இந்த முறை முதலாளியிடம் ஓடவில்லை. முதலில் ஆர்டர் தாளைத் திறந்து பார்த்துவிட்டு நடந்தே போனேன்.

வல்லத்துக்காரன் (ஏர்வாடி)

வாழ்த்துகள். அப்படியே ஒரு கேள்வி. எங்கள் பக்கம் நீலக்கால் நண்டு நல்லா விழுகிறது. உங்கள் கம்பெனியில் என்ன விலைக்கு எடுக்கிறீர்கள்?

நண்டுக்கணக்கு (மண்டபம்)

பரவாயில்லாத விலைதான் அண்ணே.

வல்லத்துக்காரன் (ஏர்வாடி)

அது எந்த ஊர்ப் பரவாயில்லை? நம்பராகச் சொல்லுங்கள் தம்பி.